தொலைவில் இருப்பவருக்கு ஒரு பாட்டு: வாசகர் கேள்வி–பதில்

காதல் பாட்டு எழுதுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒரே சங்கதியைச் சுற்றி வந்தன: ஒருவர் கொழும்பில், மற்றவர் கடலுக்கு அந்தப் பக்கம், நடுவில் பாதியில் நிற்கும் ஒரு பாட்டு. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: எனக்கு நிச்சயமான பெண் டொரொன்டோவில் இருக்கிறார். விசா வந்த பிறகுதான் கலியாணம். அவருக்காக எழுதிய பல்லவி இது. "வாழ்த்து அட்டையில் போடலாம்" என்று நண்பன் சிரிக்கிறான். எங்கே பிழை?

உயிரே உயிரே உனைநான் பிரிந்தேன்
உலகம் முழுதும் இருளாய் உணர்ந்தேன்
நிலவே நிலவே நீயங்கே உள்ளாய்
நினைவே எந்தன் நெஞ்சைக் கொல்லாய்

– வாசகர், வெள்ளவத்தை

பதில்: மோனை இருக்கிறது, இயைபு இருக்கிறது, தட்டிப் பார்த்தால் தாளத்திலும் உட்காருகிறது. முதலில் ஓர் இலக்கணப் பிழையைக் கழித்துவிடுவோம். "நெஞ்சைக் கொல்லாய்" என்றால் "கொல்ல மாட்டாய்" என்று பொருள். "கொல்கிறாய்" என்று சொல்ல வந்தவர், "உள்ளாய்" என்பதற்கு இயைபு தேடிப் போய் நேர் எதிரான பொருளில் இறங்கிவிட்டீர்கள். இயைபைத் துரத்துகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பதுதான்.

பெரிய குறை வேறு. நான்கு அடிக்குள் உயிரையும் நிலவையும் நினைவையும் கூப்பிட்டாயிற்று. கூப்பிடுகிறவர் எங்கே இருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதற்கு ஒரு துப்பும் இல்லை. அந்தப் பெண் டொரொன்டோவில் இல்லாமல் திருகோணமலையில் இருந்தாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தேவையில்லை. யாரும் யாருக்கும் அனுப்பலாம். நண்பர் சிரித்தது அதற்குத்தான்.

பிரிவுப் பாட்டில் அன்பைத் தாங்குவது வினைச்சொல். அவர் இல்லை என்பதால் நீங்கள் திரும்பத் திரும்பச் செய்கிற ஒரு காரியம் பாட்டுக்குள் வர வேண்டும். 1261ஆம் குறளில் தலைவி என்ன சொல்கிறாள்? வழி பார்த்துப் பார்த்துக் கண் ஒளி மங்கிவிட்டது. அவர் போன நாட்களைக் குறித்து வைத்துத் தொட்டு எண்ணியதில் விரல் தேய்ந்துவிட்டது. "நேசிக்கிறேன்" என்று ஒரு சொல் இல்லை. தேய்ந்த விரலைக் காட்டிய பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன வேலை?

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு தாளில், அவர் அங்கே இருப்பதால் நீங்கள் இங்கே செய்கிற பத்துக் காரியங்களை எழுதுங்கள். ஏங்குகிறேன், உருகுகிறேன், தவிக்கிறேன் எல்லாம் காரியமல்ல, அடித்துவிடுங்கள். போனில் இரண்டாவது மணிக்கூடு வைத்திருப்பது, அவருடைய பழைய குரல்பதிவை அழிக்காமல் வைத்திருப்பது, காலையில் இந்த ஊர் வானிலையை விட்டுவிட்டு அந்த ஊர் வானிலையைப் பார்ப்பது, இவைதான் காரியம். பத்தில் எதற்கு ஒரு நேரமும் ஒரு பொருளும் இருக்கிறதோ அதை எடுங்கள். பல்லவிக்கு ஒன்று போதும். பத்தையும் திணித்தால் பாட்டு கடைச்சாமான் துண்டு மாதிரி ஆகிவிடும்.

உதாரணத்துக்கு: டொரொன்டோவின் குளிர்கால நேரத்தில் கொழும்பு பத்தரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறது. இங்கே விடியற்காலை 4.30 என்றால் அங்கே முதல்நாள் மாலை 6.00, வேலை விட்டு இறங்கும் நேரம். அதை வைத்து,

நாலரை மணிக்கு நான்விழித் திருப்பேன்
வேலைவிட் டிறங்கும் உன்குரலுக் கிருப்பேன்
ஆறின தேத்தண்ணி அடுப்பில் மீண்டும் வைத்து
ஊரெழும் முன்னே உன்னோடு குடிப்பேன்

நாலரை, வேலை என்று எதுகை நிற்கிறது. ஆறின–அடுப்பில், ஊர்–உன்னோடு என்று மோனை நிற்கிறது. தேத்தண்ணி ஏன் ஆறியது என்று நாங்கள் சொல்லவில்லை. அழைப்பு பிந்தியது என்று கேட்கிறவருக்கே விளங்கும். அந்த இடத்தில் "காத்திருந்தேன்" என்று எழுதியிருந்தால் அடி செத்துப்போயிருக்கும்.

இன்னொன்று. பல்லவி ஒரு பாட்டில் மூன்று நான்கு தடவை வரும். நாளாந்தம் நடக்கிற காரியத்தைப் பல்லவியில் வைத்தால், அது திரும்பி வரும்போதெல்லாம் இன்னொரு விடியல் கழிந்த மாதிரி இருக்கும். ஒரே தரம் நடந்ததை, கட்டுநாயக்கவில் கையசைத்ததை, பல்லவியில் வைத்தால் இரண்டாம் முறையே சலிக்கும். அதன் இடம் சரணம்.

கேள்வி: கணவர் கட்டாரில். நான் பாடி அனுப்பிய பாட்டைக் கேட்டுவிட்டு "என்னைக் குற்றவாளி ஆக்குகிறாய்" என்று மனம் நொந்துபோனார். அன்பைத்தானே சொன்னேன்?

– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு சரணங்களிலும் எட்டு அடிகள். ஆறு அடிகள் "நீ இல்லாத" என்று தொடங்குகின்றன. நீ இல்லாத தைப்பொங்கல், நீ இல்லாத பிறந்தநாள், நீ இல்லாத முதல் நடை. குழந்தை நடந்ததைச் சொல்ல வந்த இடத்தில்கூட அவர் இல்லாததைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். உழைக்கப் போன மனிதனுக்கு அது கணக்குக் கேட்கிற மாதிரித்தான் இருக்கும். உங்கள் அன்பில் குறையில்லை, தொடக்கச் சொல்லில்தான் குறை. "நீ இல்லாத" என்ற இரண்டு சொல்லையும் வெட்டிவிட்டு, குழந்தை எந்தக் கதவிலிருந்து எந்தக் கதிரை வரைக்கும் நடந்தது என்று எழுதுங்கள். அவர் அதைக் காண்பார். காணாததற்காக வருந்துவதும் அவர் பாடு.

அடுத்தது, பாட்டில் அவருக்கு ஓர் இடம் கொடுங்கள். பொருள்வயிற் பிரிவு நம் அகப்பாட்டில் பழைய சங்கதி. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட இருநூறு பாட்டும் பாலை, அதாவது பிரிவைப் பாடும் திணை. அவற்றில் பல, பொருள் தேடிப் போகிற வழியில் போவதா திரும்புவதா என்று தன் நெஞ்சோடு மல்லுக்கட்டுகிற தலைவனின் பேச்சு. பிரிந்தவனுக்கும் பிரிவு உண்டு என்று அந்தப் புலவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஈழத்துப் பூதன்தேவனாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் (189) தலைவன் தேர்ப்பாகனை விரட்டுகிறான்: இன்றே போய் நாளைக்கே திரும்ப வேண்டும், தேர்ச்சக்கரம் பயிரை வெட்டிக்கொண்டு ஓடட்டும், மாலைக்குள் அவளிடம் சேர வேண்டும். அவன் நேசம் அத்தனையும் அந்த அவசரத்துக்குள் இருக்கிறது.

ஆகவே கணவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். எழும்பினவுடன் என்ன தெரிகிறது? என் குரலை எங்கே வைத்துக் கேட்கிறீர்கள்? அறையில் எத்தனை பேர்? எந்த நேரம் உங்களுக்கு மட்டும் சொந்தம்? அவர் சொல்கிறதை அலங்கரிக்காமல் இரண்டாம் சரணத்தில் வையுங்கள். இந்த மாதிரி:

பங்கிட்ட அறையில் ஆறு கட்டில்
எல்லோரும் உறங்க உன்குரல் காதில்
ஒலியைக் குறைத்து ஒருமுறை கேட்டேன்
மறுமுறை கேட்கப் போர்வைக்குள் போனேன்

குறையே சொல்லக் கூடாது என்பதல்ல. 1151ஆம் குறளில் தலைவி ஒரே போடாகப் போடுகிறாள்: போகவில்லை என்றால் என்னிடம் சொல்லு, சீக்கிரம் வருவேன் என்பதை அதுவரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லு. கடுமையான பேச்சுத்தான். ஆனால் ஒரே தரம் சொல்லப்படுகிறது, அதுவும் அவன் புறப்படுவதற்கு முன். உங்கள் பாட்டிலும் ஒரு குறை, ஒரே அடி, சரணத்தின் மூன்றாவது அடியில். நான்காவது அடி அதை இறக்கிவைத்துவிட்டுப் பல்லவிக்குத் திரும்பட்டும்.

கேள்வி: நண்பன் கீபோர்ட்டில் மெட்டுப் போட்டுத் தந்தான், வேகம் 80. என் வரிகளைப் பாடினால் சொற்கள் உடைகின்றன. அடியின் கடைசி எழுத்தை இழுத்தால் கேட்கச் சகிக்கவில்லை.

– வாசகர், தெஹிவளை

பதில்: எழுதி வைத்த வரியை மெட்டுக்குள் அடைக்கப் பார்த்திருக்கிறீர்கள். மெட்டிலிருந்து தத்தகாரத்தை, அதாவது சொல்லில்லாத "தன தான" சந்தத்தை எடுத்து, அதற்குச் சொல் வைப்பதுதான் முறை.

மெட்டைத் "தன தான" என்று வாயால் பாடி போனில் பதியுங்கள். பதிந்ததைக் கேட்டுக் கையால் தட்டி, தட்டு விழுகிற எழுத்தின் கீழ் ஒரு கோடு போடுங்கள். நிமிடத்துக்கு 80 தட்டு, நாலு தட்டுக்கு ஒரு பார் என்றால், ஒரு பார் சரியாக 3 செக்கன். இரண்டு பார் ஒரு வரி, 6 செக்கன். அதற்குள் மெய்யெழுத்தை விட்டுவிட்டு எண்ணினால் ஒன்பது முதல் பன்னிரண்டு எழுத்து வசதியாக உட்காரும். பதினைந்தைத் தாண்டினால் பாடுகிறவர் மூச்சு வாங்குவார்.

தானன தானன தானன தானா
வாசலில் நின்றது யார்குரல் என்றே

நெடிலுக்கு இரண்டு, குறிலுக்கு ஒன்று என்று எண்ணிப் பாருங்கள், தத்தகாரத்தில் பதினாறு மாத்திரை வரும். எட்டுத் தட்டு, தட்டுக்கு இரண்டு. "நின்றது" என்பதில் "நின்" குறில்தான், என்றாலும் பின்னால் மெய் நிற்பதால் நெடிலின் இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இடத்தை அடைக்கும், ஆனால் இழுக்க விடாது. உங்கள் இரண்டாவது தொல்லை இங்கேதான். நீண்ட சுரம் விழுகிற எழுத்து நெடிலாக இருக்க வேண்டும். மெய்யில்தான் முடிந்தாக வேண்டும் என்றால் ன், ம், ல், ர் போன்றவற்றில் முடியுங்கள், குரல் கொஞ்சம் ரீங்கரித்து நிற்கும். க், ட், த், ப், ற் வந்தால் வாய் அடைபட்டுச் சுரம் வெட்டுப்படும். மோசமானது குற்றியலுகரம். "பார்த்து", "காத்து", "கேட்டு" என்று அடியை முடித்து இழுத்தால் "பார்த்தூ" என்று ஊளையிடும். உங்கள் பல்லவியில் மூன்று அடிகள் "-த்து" என்று முடிகின்றன. "பார்த்தே", "காத்தே" என்று ஏகாரம் போட்டாலே பாதி வருத்தம் தீர்ந்துவிடும். மேல் ஸ்தாயிக்கு ஆ, ஏ, ஓ. பெரும்பாலான குரல்கள் அந்த உயரத்தில் ஈ, ஊ வந்தால் நெரிபடும்.

சொல் உடைவதை யாப்பில் வகையுளி என்பார்கள். செய்யுளில் மன்னிக்கலாம், பாட்டில் காதுக்கு உடனே தெரியும். அதைவிட ஆபத்தான ஓர் இடம் உண்டு. தமிழில் எதிர்மறை வினையின் கடைசியில் வருகிறது. "உன்னை நான் மறந்தே..." என்று ஒரு பார் நிறுத்தி, கீபோர்ட் வாசித்து, பிறகு "...போகவில்லை" என்று பாடினால், அந்த மூன்று செக்கனுக்கு நீங்கள் மறந்துவிட்டீர்கள். தூரத்தில் இருப்பவருக்கு அனுப்பும் பாட்டில் அப்படி நிறுத்தாதீர்கள்.

நீளம்: தொடக்க இசை 8 பார், பல்லவி இருமுறை 16, இடையிசை 8, சரணம் 16, மறுபடி பல்லவி 8. மொத்தம் 56 பார், 2 நிமிடம் 48 செக்கன். போனில் கேட்கிற பாட்டுக்கு ஒரு சரணம் தாராளம். இரண்டாவதில் சொல்ல உண்மையிலேயே புது விஷயம் இருந்தால் மட்டும் நீட்டுங்கள்.

கேள்வி: "இருவரும் ஒரே நிலவைப் பார்க்கிறோம்" என்று எழுதலாமா?

– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அவர் எந்த ஊரில் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

போயா நாள் இரவு 9 மணிக்கு நீங்கள் மரைன் டிரைவில் நின்று நிலவைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டோஹாவில் அப்போது மாலை 6.30, நிலவு பெரும்பாலும் எழுந்திருக்கும். அடி உண்மை. மெல்பேர்னில் நடுநிசி தாண்டி 1.30 அல்லது 2.30, அவர் விழித்திருந்தால் உண்மை. லண்டனில் பிற்பகல், டொரொன்டோவில் முற்பகல் பத்தரையோ பதினொன்றரையோ. அங்கே நிலவு அடிவானத்துக்குக் கீழே கிடக்கிறது. அந்த ஊரிலிருந்து பாட்டைக் கேட்கிறவர் யன்னலைத் திறந்தால் வெயில்தான் அடிக்கும். பொய்யென்று கோபிக்க மாட்டார், ஆனால் தன் ஊரை நினைத்து எழுதிய பாட்டு இல்லை என்று மனதுக்குள் ஒரு புள்ளி வைப்பார்.

டொரொன்டோவுக்கும் வழி இருக்கிறது. டிசம்பர் போயாவை ஒட்டிக் கொழும்பில் விடியற்காலை 5 மணிக்கு மேற்கே, கடலின் பக்கம், நிலவு இறங்கிக்கொண்டிருக்கும். அதே கணம் அங்கே மாலை 6.30, அதே நிலவு கிழக்கே ஏறிக்கொண்டிருக்கும். "நான் வழியனுப்பும் நிலவு உன் வாசலில் ஏறும்" என்று எழுதினால் வானமும் உங்கள் பக்கம். "ஒரே நிலவு" என்பதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் நிலவு இப்போது ஒரு வேலை செய்கிறது.

பிறையை எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குப் பிறை பெரும்பாலும் தோணி மாதிரிக் கிடக்கும். கனடாவிலும் இங்கிலாந்திலும் அது நிமிர்ந்து நிற்கும். "எனக்குத் தோணி, உனக்கு வில்" என்று யாராவது எழுதினால் அதைக் கேட்க ஆவலாக இருக்கிறோம்.

மழைக்கும் இதே கவனம் வேண்டும். முல்லைத் திணையில் கார்காலம் வந்தால் தலைவன் திரும்புவான் என்பது உடன்பாடு. கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை; எந்த மழையும் யாரையும் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. அவர் வரும் மாதம் தெரிந்தால் அந்த மாதத்து வானத்தை எழுதுங்கள். "வசந்தம் வரும்" என்று எழுதாதீர்கள். கொழும்பில் அது எப்போது வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: "வாறன்", "இருக்கிறன்" என்று எழுதினால் பகிடிப் பாட்டு மாதிரி ஆகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

– வாசகர், வத்தளை

பதில்: பகிடிப் பாட்டுகளில் அந்தப் பேச்சு அதிகம் கேட்டுப் பழகிவிட்டதால் அப்படித் தோன்றுகிறது. போனில் அவரோடு நீங்கள் கதைப்பது அந்தத் தமிழில்தான் என்றால், அவருக்கு உங்கள் குரல் அதுதான். தொழில்நுட்பத்தில் ஒரு வித்தியாசம் கவனியுங்கள். "காத்திருக்கிறேன்" என்பதில் கடைசியில் நெடில் இருக்கிறது, இழுக்கலாம். "காத்திருக்கிறன்" குறிலில் அடைபடுகிறது. ஆகவே பேச்சு வடிவத்தை அடியின் நடுவில் வைத்து, நீண்ட சுரத்துக்கு வேறு சொல் தேடுங்கள். ஒரே அடியில் "வாறன்" என்றும் "வருகின்றாய்" என்றும் கலந்தால்தான் பகிடி. நடை எழுத்துத் தமிழில் இருந்து, அவர் சொன்னதை மட்டும் மேற்கோளாகப் பேச்சுத் தமிழில் வைப்பதும் நன்றாக வரும்.

விளிக்கும் முறையும் உங்கள் வீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். வாழ்க்கையில் "நீங்கள்" என்கிறவர் பாட்டில் "நீ" என்றால் சிலருக்கு இனிக்கும், சிலருக்கு உறுத்தும். "நீர்" என்று அழைக்கிற வீடுகளுக்கு அதிர்ஷ்டம். நெடில், ர் ஒற்று, இழுக்கவும் தோது, மரியாதையும் நெருக்கமும் சேர்ந்தே வரும்.

கேள்வி: காதலரைத் "தெய்வமே" என்று பாடுவது சரியா? நாங்கள் கத்தோலிக்கர். வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.

– வாசகி, மட்டக்குளி

பதில்: தமிழில் போக்குவரத்து இரண்டு பக்கமும் உண்டு. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மேகத்தைத் தூதனுப்பியது திருமாலுக்கு. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் நானூறு பாட்டும் அகத்துறையில் நடக்கிறது. ஆனால் அவர்கள் காதலின் பட்டத்தைக் கடனாக வாங்கவில்லை, காதலர் செய்கிற காரியங்களை வாங்கினார்கள். நீங்கள் திரும்பும் வழியிலும் அப்படியே செய்யலாம். "தெய்வமே" என்ற பட்டத்தை விட்டுவிட்டு, பக்தர் செய்கிறதை எடுங்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை போகிறீர்களா? "செவ்வாய்தோறும் உன்பேரில் ஒருதிரி ஏற்றி" என்று எழுதினால் வீட்டில் யார் முகம் சுளிப்பார்? கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறவர்களுக்கும் இதே வழிதான்.

கேள்வி: வட்ஸ்அப், வீடியோ கோல், நீலச் சரி அடையாளம் எல்லாம் பாட்டில் வரலாமா?

– வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: வரலாம். தூது இலக்கியத்துக்குப் பத்துத் தூதர் என்று ஒரு பட்டியலே இருக்கிறது: அன்னம், மயில், கிளி, மேகம், பூவை (நாகணவாய்ப் பறவை), தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. அந்தக் காலத்தில் கைக்கெட்டியவை அவை. ஆனால் அந்தப் புலவர்கள் தூதரின் பெயரைச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. தூதரை முதலில் புகழ்ந்து, தலைவன் பெருமையைச் சொல்லி, தன் துயரைச் சொல்லி, எந்த நேரத்தில் போய் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, கடைசியில் அவன் மாலையை வாங்கிவா என்று அனுப்புகிறார்கள். நீங்களும் குரல்பதிவைப் பார்த்துச் சொல்லுங்கள்: அவள் பஸ்ஸில் இருக்கும்போது ஒலிக்காதே, வீடு போய்ச் செருப்பைக் கழற்றட்டும். கருவியின் பெயர் ஐந்து வருடத்தில் பழசாகும், செருப்புப் பழசாகாது. நிறம், அடையாளம், பொத்தான் எல்லாம் ஒரு பாட்டுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: பிரபலமான சினிமா மெட்டில் என் வரிகளைப் பாடி யூடியூப்பில் போடலாமா?

– வாசகர், மருதானை

பதில்: உங்கள் ஆளுக்கு மட்டும் பாடி அனுப்புங்கள், யாரும் வழக்குப் போட வர மாட்டார்கள். பகிரங்கமாகப் போடுவது வேறு. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை படைத்தவரின் ஆயுளோடும் அதன் பின் 70 வருடங்களோடும் நிற்கிறது. மெட்டுக்கும் அது பொருந்தும். யூடியூப் தானாகவே மெட்டைக் கண்டுபிடித்து வீடியோவை முடக்கலாம், அல்லது வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பலாம்.

கேள்வி: நானும் அவரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட ஆசை. நான் இங்கே, அவர் டொரொன்டோவில். வீடியோ கோலில் சேர்ந்து பாடினால் தாளம் இழுபடுகிறது. நெட்டை மாற்றினால் சரிவருமா?

– வாசகி, வெள்ளவத்தை

பதில்: எந்த நெட் போட்டாலும் சரிவராது. கொழும்பிலிருந்து டொரொன்டோ நேர்க்கோட்டில் பார்த்தாலே சுமார் 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் போகிறது. ஒரு பக்கம் போகவே 70 மில்லிசெக்கன். சேர்ந்து பாடுகிறவர்களுக்கு 30 தாண்டினாலே ஒருவர் மற்றவருக்காகத் தயங்கத் தொடங்குவார், பாட்டின் வேகம் இறங்கிக்கொண்டே போகும். அழைப்பில் குரலைச் சுருக்கி விரிக்கிற நேரம் இதற்கு மேல்.

ஆகவே தனித்தனியாகப் பதியுங்கள். முதலில் ஒருவர் 80 வேகத்தில் மெட்ரோனோம் ஒலியோடு கீபோர்ட்டையோ கிட்டாரையோ வாசித்து, தொடக்கத்தில் நாலு எண்ணிக்கை விட்டு ஒரு கோப்பு செய்யட்டும். இருவரும் அதே கோப்பை வயர் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, இரண்டாவது போனில் குரலை மட்டும் பதிய வேண்டும். புளூடூத் ஹெட்போன் வேண்டாம், அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். நாலாவது எண்ணிக்கையில் இருவரும் ஒரு தரம் கைதட்டுங்கள். பிறகு கணினியில் இரண்டு கைதட்டலையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் பாட்டுச் சேர்ந்துவிடும்.

பதிவதற்கு அலுமாரியும் திரைச்சீலையும் மெத்தையும் உள்ள படுக்கையறை நல்லது. வெறும் சுவர் அறை எதிரொலிக்கும். போனிலிருந்து வாய் ஒரு சாண் தூரம், நேராக ஊதாமல் கொஞ்சம் பக்கமாக. மின்விசிறியை நிறுத்துங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். வெள்ளவத்தையில் கடலோர ரயில் பாதைக்குப் பக்கத்து வீடென்றால் கடைசி ரயில் போன பிறகு பதியுங்கள். ஒலியளவு உச்சத்தில் சிவப்பைத் தொடக் கூடாது, மைனஸ் 6 டெசிபெலில் நிற்கட்டும்.

யார் எந்த அடியைப் பாடுவது என்பதையும் முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரைச் சொல்லும் அடியை அவரும், அவர் ஊரைச் சொல்லும் அடியை நீங்களும் பாடிப் பாருங்கள். அவர் வாயில் வெள்ளவத்தை மழையும் உங்கள் வாயில் டொரொன்டோக் குளிரும் வந்தால், ஒருவர் மற்றவருடைய நாட்களை மனப்பாடம் செய்திருக்கிறார் என்பது தானாகத் தெரியும். பல்லவியை மட்டும் சேர்ந்து பாடுங்கள்.

முடிந்த கோப்பை வட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பாதீர்கள், சுருங்கிப் போகும். ஆவணமாக இணைத்தால் பதிந்தபடியே போகும். சேர்ப்பதற்கு முந்திய இரண்டு தனிக்குரல் கோப்புகளையும் இருவரும் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு ஒரு நாள் இசை மாற்ற ஆசை வந்தால் அவை இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.